பளிங்குக்குப் பதில் எது: கிரானைட்டா, கண்ணாடியா, மீண்டும் பளிங்கா?

உதகையில் எங்கள் சங்கக் கட்டடத்தின் முகப்பிலிருந்த வெண்பளிங்குப் பலகைகள் பிதுங்கத் தொடங்கியபோது, பதிலுக்கு எதைப் பதிப்பது என்பதில் நிர்வாகக் குழு மூன்றாகப் பிரிந்தது. முடிவில் கிரானைட்டைத்தான் பதித்தோம். அந்தச் சாய்வு இக்கட்டுரையிலும் இருக்கும். எங்களுடையது மூன்று தளக் கட்டடம்தான் என்றாலும், இதே சிக்கலை வெளிநாட்டுப் பெருங்கட்டடங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்த்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது.

பழைய அழகு மாறக் கூடாது என்று மீண்டும் பளிங்கையே கேட்பவர்கள் ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா மண்டபத்தைப் பார்க்க வேண்டும். அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1971-இல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தின் கராரா பளிங்கு (இத்தாலிய வெண்பளிங்கு) வளைந்துபோனதால், 1990-களின் இறுதியில் அதே கராரா பளிங்கையே புதிதாகப் பதித்தார்கள், அதுவும் வளைந்தது. குறை கல்லுக்குள்ளேயே இருக்கிறது. பளிங்கிலுள்ள கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து, குறுக்குத் திசையில் சற்றே சுருங்குவதால், வெயிலும் குளிரும் மாறி மாறி வர வர மணிகளுக்கிடையே பிடிப்பு தளர்கிறது; ஈரம் சேர்ந்தால் தளர்ச்சி கூடுகிறது. ஜனவரியில் விடியற்காலை உறைபனியும் முற்பகலில் சுள்ளென்ற வெயிலும் காணும் உதகையில் இதை விளக்கவே வேண்டியதில்லை. எங்கள் பலகைகளின் ஓரத்தை விரலால் தேய்த்தாலே சர்க்கரைபோல மணிமணியாக உதிர்ந்தது. குறுக்கே நூல் பிடித்தால் பலகையின் நடுப்பகுதி நூலை வெளியே தள்ளியது.

கிரானைட்டுக்குச் சிகாகோ சாட்சி. 83 மாடிகளும் 346 மீட்டர் உயரமும் கொண்ட அமோக்கோ கட்டடத்துக்கு (இன்று ஏயான் சென்டர்) 1970-களில் ஏறத்தாழ 43,000 கராரா பலகைகளைப் போர்த்தினார்கள். பலகைகள் வளைந்து வெடிப்பு கண்டபோது முதலில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளால் கட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, பின்னர் 1990 முதல் 1992 வரை முழுவதையும் கழற்றி வெள்ளைக் கிரானைட்டைப் பதித்தார்கள். பழைய பளிங்கின் தடிமன் சுமார் 32 மில்லிமீட்டர். புதிய கல்லுக்கு 50. அதாவது சதுர மீட்டருக்கு 86 கிலோவாக இருந்த பாரம் 135 கிலோவாகிறது. கிரானைட்டின் குறை இந்தப் பாரம்தான். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சம்மதிக்காமல் இதில் இறங்கவே கூடாது.

ஆனால் மலையில் எங்கள் முடிவைத் தீர்மானித்தது கல்லின் விலையன்று, சாரம். ஒரே ஒரு பலகை ஆடினாலும் சாரம் கட்டச் சவுக்குக் கம்போ இரும்புக் குழாயோ மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக லாரியில் ஏற வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், நிம்மதியாக வேலை செய்யக் கிடைப்பது ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட காலம். அப்போதும் சீசன் தொடங்கிவிட்டால் லாரி வாடகையும் ஆள்கூலியும் ஏறிவிடும். ஆகவே எந்தக் கல் மலிவு என்பதைவிட, எதற்குச் சாரம் கட்டும் தேவை குறைவு என்றே கேட்டோம். பழைய பலகைகள் சிமெண்டுக் கலவையில் ஒட்டப்பட்டிருந்ததால், ஒன்றைப் பெயர்த்தால் பக்கத்தில் உள்ளதும் உடைந்தது. இப்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனித் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்புகளில் நிற்கிறது. பின்னால் காற்றோட்ட இடைவெளி உண்டு. உள்ளே புகும் மழைநீர் அடியிலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். ஒரு கல்லை மட்டும் கழற்றி மாட்டலாம் என்பதால், கிருஷ்ணகிரியிலிருந்து வாங்கும்போதே அதே பாளத்தில் அறுத்த உபரிப் பலகைகளையும் எடுத்து வைத்தோம். பிறகு தேடினால் நிறம் ஒத்துவராது.

கண்ணாடிக்கு டொராண்டோவின் 72 மாடி ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸைக் காட்டலாம். 2007-இல் அங்கே ஒரு பளிங்குப் பலகை கழன்று விழுந்த பிறகு, எல்லாவற்றையும் அகற்றிக் கண்ணாடிப் பலகைகளைப் பொருத்தினார்கள். பாரம் குறைவு, தோற்றம் புதிது. கண்ணாடி முகப்பைப் பராமரித்த அனுபவம் எனக்கில்லை. எனினும் பாசியும் மழைத்தடமும் சீக்கிரம் படியும் இவ்வூரில் அதை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், அதற்கும் சாரமோ தொங்குமேடையோ வேண்டும் என்பதால் ஒதுக்கிவிட்டோம். பாரம் தாங்காத சுவர் உடையவர்களுக்கு அதுவே பொருந்தக்கூடும். ஏ.சி.பி. ஷீட்டை (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கிடையே வேறு பொருளை வைத்த முகப்புத் தகடு) நாங்கள் விவாதிக்கவே இல்லை; 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்புத் தீ விபத்தில் 72 உயிர்கள் போனதற்குப் பிறகு, தீப்பற்றும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) நடுவடுக்கு கொண்ட தகட்டைச் சுவரில் ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

எங்கள் கிரானைட் இன்னும் அதிக மழைக்காலங்களைப் பார்த்துவிடவில்லை. கல்லைப் பற்றிக் கவலையில்லை. இணைப்புகளில் நீர் புகாமலிருக்க இட்ட சிலிக்கோன் சீலன்ட் இந்தக் குளிரிலும் ஈரத்திலும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைக் கண்காணித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெயில் படாத வடக்குப் பக்கத்து இணைப்புகளை ஆண்டுதோறும் ஜனவரியில் பார்வையிடுவதென்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம்.