பைனஸ் அலுமாரி: பல மழைக்காலத்துக்குப் பிறகு

பண்டாரவளையில இருக்கிற கூட்டாளி ஒருத்தர் கேட்டாரு, தேக்கு, மகோகனி எல்லாம் கிட்ட போக முடியாத விலையா இருக்கே, பைனஸ்ல, அதான் பைன் மரத்துல, அலுமாரி அடிக்கலாமா, நீங்கதான் வச்சிருக்கீங்களேன்னு. போன்ல சொல்லி முடியாத விஷயம், எழுதியே அனுப்பிடுறேன்.

கொரோனாவுக்கு முன்னாடி செஞ்சது. ரெண்டு கதவு, கீழ லாச்சி, அதான் இழுப்பறை. மரம் நம்ம இலங்கை மலையில வெட்டின கரீபியன் பைனஸ்தான். லாச்சியைப் பத்தி ஒரு குறையும் இல்ல, இன்னைக்கும் ஒரு விரலால இழுக்கலாம், திறந்தா அந்த வாசம் இன்னும் வருது. செஞ்சப்ப வெளிறிப்போய் இருந்த பலகை இப்ப தேன் நிறத்துக்கு வந்திருக்கு, அதைப் பாக்கவே ஆசையா இருக்கு. பின்பக்கம் ஒரு பலகையில நீலம் ஓடியிருக்கு, அது பச்சை மரத்துல பிடிக்கிற பூஞ்சை, பார்வைக்குத்தான் அசிங்கம், பலம் பெருசா குறையாது.

பிரச்சினை இடது கதவு. மாசி வெயில்ல அழகா மூடும். மழை பிடிச்சா கீழ் மூலை வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். சீவிப் பாத்தாச்சு, பிணைச்சல் மாத்தியாச்சு, அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு வருசமும் இந்த ஒரு கதவு என் பொறுமையைத் தின்னுச்சு. போன வாரம் தச்சு வேலை பாக்குற பாஸ் அந்தக் கதவோட நீளச் சட்டத்தையே கழட்டி வேற போட்டாரு. கழட்டினதை வெளிச்சத்துல புடிச்சுக் காட்டினாரு, ஒரு ஓரம் வெளிர் மஞ்சள், மறு ஓரம் பூராவும் மங்கின செம்பழுப்பா ஒரு அகலக் கோடு. "இது சரிவுல சாஞ்சு நின்ன மரம் ஐயா"ன்னாரு.

விஷயம் அதுதான். பைனஸ் மாதிரி ஊசியிலை மரம் சாஞ்சு வளந்தா, தன்னை நிமித்திக்க கீழ்ப்பக்கமா வேற மாதிரி மரம் போடும். அழுத்தமா, கனமா, ஆனா நொறுங்குற மரம். சாதாரண மரம் பச்சையிலிருந்து முழுசா காஞ்சாலும் நீளவாக்குல 0.1, 0.2 சதவீதம்தான் சுருங்கும், இந்தச் செம்பழுப்பு மரம் 1 சதவீதத்துக்கு மேலயும் சுருங்கலாம். ஈரம் பட்டா அதே மாதிரி நீளும். ஒரே சட்டத்துல ஒரு ஓரம் நீண்டு மறு ஓரம் சும்மா நின்னா வளையாம என்ன செய்யும்?

மரத்து மேல எனக்குக் கோபம் இல்ல. 1970களோட கடைசியிலயும் 80கள்லயும் மானாப்புல்லு மொட்டைகள்லயும் கைவிட்ட தேயிலை மலைகள்லயும் இதை நட்டது மண்ணு கரைஞ்சு போகாம இருக்க, மகாவலி நீர்த்தேக்கங்களுக்கு மேல இருக்கிற மலையை மூட. பசையே இல்லாத மண்ணுல வேற மரம் திணறின இடத்துல இது பிடிச்சு நின்னுச்சு, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. ஆனா மூடுறதுக்காக நட்ட மரத்துல கிளை கழிக்கிறதை யாரு பாத்தா? கிளை ஒரே மட்டத்துல வட்டமா வர்ற சாதி இது, செத்த கிளையை அப்படியே விட்டா தண்டு அதைச் சுத்தி வளந்து மூடிக்கும், அறுத்துக் காயவச்சா அந்தக் கணு கழண்டு விழும். என் மேல்தட்டுல அப்படி ஒரு ஓட்டை இருக்கு. நியூசிலாந்துல ரேடியேட்டா பைனுக்கு சின்னதுலயே கிளை கழிச்சு, சூளையில காயவச்சு விக்கிறாங்க, அதுவும் இதே குடும்பத்து மரம்தானே. சூளையில 70 பாகை செல்சியஸுக்கு மேல சூடு காட்டினா பிசினும் இறுகிடும். இங்க நான் வாங்கின மரக்காலையில பாதிப் பச்சையாத்தான் குடுத்தாங்க, கணுவைச் சுத்தி பிசின் வார்னிஷைத் தள்ளிக்கிட்டு ஒழுகுச்சு, சுரண்டிட்டு ஷெல்லாக் பூசின பிறகுதான் நின்னுச்சு.

நீங்க வாங்குறதா இருந்தா குத்தியோட வெட்டுமுகத்தைப் பாருங்க. குருத்து, அதான் வளையங்களோட மையப் புள்ளி, நடுவுல இல்லாம ஒதுங்கி இருந்தா, ஒரு பக்கம் வளையம் அகலமா செவந்து இருந்தா, அதை விட்டுடுங்க. குருத்தை ஒட்டின பலகையும் வேணாம், அந்த முதல் பத்து வருசத்துப் பிஞ்சு மரம் தானே முறுக்கும். பிசின் எடுக்கத் தோலுரிச்ச அடிக்குத்தி பிசின் ஊறிப்போய் அறுக்குற வாளையே பிடிக்கும். போரிக் மருந்து போட்டதான்னு கேளுங்க, இதுல வைரம் கம்மி, மருந்து இல்லாட்டி கறையான் விடாது.

சீலிங், தட்டு, லாச்சிக்கு நல்ல மரம். என் அலுமாரியை யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா நீங்க கேக்குறது கதவு வச்ச அலுமாரி, புதுச் சட்டம் இன்னும் ஒரு மழையும் பாக்கல, அதனால இன்னைக்கு என் பதில் வேணாம்தான்.