கொழுந்து நிறுவை நிரலுக்கு எந்த அமைவுக் கோப்பு?

பைதன் கணினி மொழியில் தேயிலைக் கொழுந்து நிறுவை நிரல் எழுதும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அமைவுக் கோப்பைத் திறந்து திருத்தப்போவது யார்? இலங்கை மலையகத்தின் ஹட்டனோ தலவாக்கலையோ, தோட்ட அலுவலகத்தில் அந்த வேலை கிளாக்கர் கையில்தான் விழும். ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோ, ஈரத்துக்கான கழிவு, நிறுவை நேரம், தொழிலாளர் பதிவு எண் எல்லாம் அதில் இருக்கும். ஓர் எண் பிசகினால் முழுப்பேர் (முழுநாள் சம்பளக் கணக்கு) விழ வேண்டியவருக்கு அரைப்பேர் (அரைநாள்) விழும். அதனால் பிழை கண்டதும் வாய்விட்டுச் சொல்லி நின்றுவிடும் வடிவமே வேண்டும்.

அமைவுக் கோப்பு எழுதும் வடிவங்களில் யாமல் (YAML) பார்க்க அழகானது. இந்த வேலைக்கு ஆபத்தானது. பைதனில் பரவலாகப் பயன்படும் யாமல் நூலகம் (வாசிக்கும் துணைநிரல்) இன்னும் அவ்வடிவத்தின் 1.1 பதிப்பின் விதிகளையே பின்பற்றுகிறது. மேற்கோள்குறி இல்லாமல் 6:30 என்று எழுதினால் அதை அறுபதின் கணக்கில் வாசித்து 390 என்கிறது. 06:30 என்று எழுதினாலோ வெறும் எழுத்துச்சரம். பதிவு எண் 0127 இன்னும் மோசம்: எட்டின் அடிமானத்தில் வாசித்து 87 ஆக்கிவிடுகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. ஒரு பெண் நாள் முழுக்க மலையேறிப் பறித்த கொழுந்து வேறொருவர் கணக்கில் ஏறிவிடும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இந்த வழக்கங்களைக் கைவிட்டும் நூலகம் மாறவில்லை.

அடுத்த வடிவமான ஐ.என்.ஐ. (INI) எதையும் ஊகிப்பதில்லை. எல்லாமே எழுத்துச்சரம், 0127 அப்படியே நிற்கும். கழிவை 2% என்று எழுதினால் மட்டும், பைதனின் வாசிப்பான் சதவீதக் குறியை இடநிரப்பி (வேறு மதிப்பைக் கொண்டுவந்து இடும் குறி) என்று எண்ணிப் பிழை காட்டும். அந்த வசதியை நிறுத்திவைக்கலாம். எண்ணாகவும் நேரமாகவும் மாற்றும் சுமை முழுவதும் நிரலர் தலையில்.

ஜேசன் (JSON) வடிவம் 0127ஐ ஏற்காது. பிழை எந்த வரியில், எந்த இடத்தில் என்றும் சொல்லும். ஆனால் குறிப்பு எழுத இடமில்லை. கழிவை ஏன் மாற்றினார்கள் என்பதைக் கோப்பிலேயே எழுதிவைக்க முடியாவிட்டால் அடுத்த கிளாக்கர் என்ன செய்வார்? ஒரே அமைவின் பெயர் இருமுறை வந்தால் பைதனின் ஜேசன் வாசிப்பான் கடைசியை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். நிரல் தானே எழுதித் தானே வாசிக்கும் கோப்புக்கு அது போதும்.

என் தேர்வு டோமல் (TOML) வடிவம். 06:30:00 நேரமாகவே வருகிறது. மேற்கோள்குறி இல்லாத 0127ஐயும் 2%ஐயும் மறுக்கிறது. இரட்டைப் பெயரையும் மறுக்கிறது. கோப்பு எல்லா மொழி எழுத்துக்களையும் தாங்கும் யு.டி.எஃப்-8 குறியீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்க் குறிப்புகள் சிதைவதில்லை. அமைவுக்குத் தமிழில் பெயரிட்டால் மட்டும் அந்தப் பெயரை மேற்கோள்குறிக்குள் இட வேண்டும்.

2022இல் வந்த பைதன் 3.11 முதல் டோமல் வாசிப்பான் உடன் வருகிறது. கோப்பை பைனரி முறையில் திறக்க வேண்டும், திரும்ப எழுத அதனால் முடியாது. விண்டோஸ் 7 கணினியில் பைதன் 3.8க்கு மேல் ஏறாது. அங்கே டோமலை வாசிக்கும் டோமலி என்ற தனி நூலகத்தில் 3.8ஐ ஏற்கும் பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், இணையம் இல்லாமலே நிறுவிக்கொள்ளலாம்.