புதுக் கத்தியில் கீறலா? தேய்க்காதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள்

கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் வேலை எடுத்துச் செய்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணிக்கு வந்த அட்வான்ஸ் கையில் இருந்தது. அதில் 16,800 ரூபாய் போட்டு ஒரு ஜப்பான் கத்தி வாங்கினேன். வெளியூரில் பெரிய கடை. போனில் பேசி, பணம் அனுப்பி, கூரியரில் வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. பணம் சேர்த்து நல்ல கத்தி வாங்க நினைக்கும் சமையல்காரர்கள் யாரும் இதே இடத்தில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எதற்கு இவ்வளவு விலையில் ஒரு கத்தி என்று வீட்டில் கேட்டார்கள். பெரிய கல்யாணம் என்றால் பீன்ஸும் கோஸும் மூட்டைக் கணக்கில் நறுக்க வேண்டும். அரிவாள்மனையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு முதுகு போய்விட்டது. நின்றுகொண்டு பலகையில் நறுக்க ஒரு கத்தி, அதுவும் மதியம்வரை கூர் மழுங்காத கத்தி தேவைப்பட்டது. நான் வாங்கியது அவோகாமி எஃகில் செய்தது. ஜப்பானில் யசுகி என்ற ஊரின் எஃகு அது. அதைச் சுற்றி வரும் தாளின் நிறத்தை வைத்து நீலத்தாள் எஃகு என்று பெயர். நடுவில் அந்தக் கடின எஃகு, இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பு. இரும்புப் பக்கம் பளபளக்காது, பனி படிந்த மாதிரி மங்கலாக இருக்கும். அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

பெட்டியைப் பிரித்ததும் அந்தப் பனிமேல் குறுக்கே மூன்று கீறல். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிற ஆழம். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி.

உடனே கடைக்காரருக்குப் போன் செய்தேன். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "கைவேலை சார், அப்படித்தான் இருக்கும். வெட்டுறதுக்கு ஒண்ணும் ஆகாது. 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு லேசாத் தேயுங்க, போயிடும்" என்றார். விற்றவரே சொல்கிறார், அவருக்குத் தெரியாதா என்று நம்பினேன். பெயின்ட் கடைக்குப் போய் அந்த உப்புத்தாளை வாங்கிவந்து அன்று இரவே தேய்த்தேன். பத்து நிமிடத்தில் வெற்றிலை அளவுக்கு ஒரு இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. சுற்றிலும் பனி, நடுவில் கண்ணாடி. கீறல் மூன்றும் அப்படியே இருந்தன.

மறுநாள் போட்டோ அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: பொருளில் மாற்றம் செய்திருக்கிறீர்கள், திரும்ப எடுக்க முடியாது. போன் போட்டு, நீங்கள்தானே தேய்க்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்" என்றார். அடுத்த முறை வாங்கினால் 1,000 ரூபாய் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. அவர் சொன்னது முழுக்க வாய்ப்பேச்சு, என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அவர் சொல்லித்தந்த வேலையே கத்தியைத் திருப்பித் தர முடியாததற்குக் காரணமாகிவிட்டது.

எங்கள் ஊரில் கருக்கருவாள் அடிக்கும் ஆச்சாரி ஒருவர் இருக்கிறார். அறுவடைக்கு மெஷின் வந்தபிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது, ஆனால் கண் குறையவில்லை. கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கீறலை அவர் பார்க்கவே இல்லை. கத்தியின் முதுகை ஒரு கண்ணால் பார்த்தார், திருப்பினார், கூர்ப்பக்கத்தைத் தட்டையான ஒரு கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "இங்க பாரு தம்பி" என்றார். கூருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, கைப்பிடிப் பக்கத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, மயிரிழை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. "கத்தி செஞ்சவன் இந்த எடத்துல அதிகமாத் தேச்சுட்டான். பள்ளம். பீன்ஸ் நறுக்கினா மாலை மாதிரி தொங்கும்." வீட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி பீன்ஸ் நறுக்கி வீடியோ எடுத்தேன். அவர் சொன்னபடியே துண்டுகள் பிரியாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சரம் சரமாக வந்தன.

அண்ணே, சாணை பிடித்துச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். மெஷின் சாணையில் சூடு ஏறினால் இந்த எஃகின் பதம் போய்விடும். பள்ளத்தை எடுக்க வேண்டுமானால் மற்ற இடம் முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும், அதைக் கல்லில் பொறுமையாகச் செய்தாலும் கத்தியின் ஆயுசில் கொஞ்சம் போய்விடும் என்றார். 16,800 ரூபாய் வாங்கியவர் ஒளித்ததை, ஐந்து பைசா வாங்காத மனிதர் சொன்னார்.

இதில் நான் கற்றது இதுதான். கீறல், மங்கல், சம்மட்டி பட்ட தழும்பு எல்லாம் கண்ணுக்குத்தான். வெட்டுவதை அவை கெடுக்காது. வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கி நீலமும் கறுப்புமாக ஏறும் கறையும் அப்படியே. நம் வீட்டு அரிவாள்மனையில் பார்த்ததுதான், அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து ஏறும் நிறம் அது. சிவப்பாகத் துரு தெரிந்தால் அது வேறு, இரும்பைத் தின்னும். கூரில் பள்ளம், கூரில் விரிசல், முறுக்கின கத்தி, ஆடும் கைப்பிடி: இவை குறைபாடு. கைவேலை என்ற சொல்லை இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கு மட்டும் தெரிகிற குறையாக இருந்தாலும், அழகுக்கென்று விலை சொல்லி விற்றவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். கழுவுவதற்கு முன்னால், ஒரு வெங்காயம்கூட நறுக்குவதற்கு முன்னால், கண்ணாடிமேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். குறை இருந்தால் போன் வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள். தேய்க்கச் சொன்னால், அதையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைக்காரர் கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: தொழிலுக்கு வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லையாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கினவரும் நுகர்வோர்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் அதே சட்டம் சொல்கிறது. என் பில்லில் கெடு எதுவும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் பதிந்தேன். அங்கே தீராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அரிவாள்மனையில்தான் உட்கார்ந்து நறுக்கினேன். கத்தி எண்ணெய் தடவி, வந்த பெட்டியிலேயே பில்லோடு இருக்கிறது.