சாட்பாட்டுக்கும் என் கோடுக்கும் நடுவில் என்எய்ட்என்

பல் மருத்துவர் ஒருவருக்கு முன்பதிவு சாட்பாட் செய்து கொடுத்தேன். கேள்வி, பொத்தான், பதில் எல்லாம் சாட்பாட் தளத்திலேயே இழுத்துப் போட்டு முடித்தாயிற்று. தேதியில்தான் மாட்டிக்கொண்டேன். "நாளை மறுநாள் சாயங்காலம்", "வர்ற வியாழன்" என்றுதான் ஜனங்கள் எழுதுகிறார்கள். அதைத் தேதியாக மாற்ற நானே கோடு (நிரல்) எழுத வேண்டியிருந்தது. அந்தக் கோடைச் சாட்பாட்டோடு இணைக்க என்எய்ட்எனை (n8n) எடுத்தேன். ஒரு வேலையின் படிகளை வரிசையாக இணைத்துத் தானாக ஓட்டும் மென்பொருள் அது; ஒவ்வொரு படியும் ஒரு நோடு, மொத்த வரிசை ஒரு வொர்க்ஃப்ளோ. எட்டு மாதமாக ஓடுகிறது. (நோட்மேஷன் என்ற பெயரின் சுருக்கம் அது, ஆங்கிலத்தில் இரண்டு 'என்'னுக்கும் நடுவே எட்டு எழுத்து.)

வெளியிலிருந்து செய்தியை வாங்கும் வெப்ஹூக் நோடு ஒரு யூஆர்எல் (இணைய முகவரி) தரும். அதைச் சாட்பாட் தளத்தில் ஒட்டினால், நோயாளி எழுதியது ஜேசானாக (கோடு எளிதில் படிக்கும் வடிவில்) வந்து சேரும். கோட் நோடில் ஜாவாஸ்கிரிப்டோ பைத்தானோ எழுதலாம். ரெஸ்பாண்ட் டு வெப்ஹூக் நோடு பதிலைத் திருப்பி அனுப்பும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு நோடிலும் உள்ளே போனதும் வெளியே வந்ததும் பக்கத்துப் பக்கத்தில் தெரிவது. நாளை மறுநாள் கேட்ட ஒருவருக்கு நாளைக்கே நேரம் பதிவாகிவிட்டது. ஓடி முடிந்தவை பதிவாகும் எக்ஸிகியூஷன் பட்டியலில் அதைத் திறந்தேன். இடப்பக்கம் அவர் எழுதிய வாக்கியம் அப்படியே இருந்தது. வலப்பக்கம் தேதி ஒரு நாள் முந்தியிருந்தது. "நாளை மறுநாள்" என்பதற்குள்ளேயே "நாளை" இருக்கிறதே! என் கோடு அதைத்தான் முதலில் தேடியிருக்கிறது. நீளமான சொற்றொடரை முதலில் தேடும்படி வரிசையை மாற்றினேன். அதே செய்தியை நோடில் 'பின்' செய்து (நிலையாக நிறுத்தி) மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்தது; ஒவ்வொரு தடவையும் ஃபோனிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

நான் பயன்படுத்தும் சாட்பாட் தளம் பதிலுக்கு 5 வினாடிதான் காத்திருக்கும். ஆரம்பத்தில் பதிவு, மருத்துவருக்கு மெயில் எல்லாம் முடிந்த பிறகே பதில் போனது. அதற்குள் பாட் "மன்னிக்கவும்" சொல்லிவிடும். இப்போது பதிவானதும் பதில் போய்விடுகிறது, மெயில் அதற்கு அப்புறம். ரெஸ்பாண்ட் நோடுக்குப் பிறகும் வொர்க்ஃப்ளோ நிற்காமல் ஓடும் என்பதால்தான் இது முடிகிறது. பதிவுக்கு முன்பே "உறுதியாயிற்று" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோடே தெரியாதவருக்கு இதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். தெரிந்தவர்கள் தாராளமாக எடுக்கலாம். சொந்த சர்வரில் நிறுவ முடிகிறது. என்எய்ட்எனுக்காக நோயாளிகளின் பெயரும் நம்பரும் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போகவில்லை. நிறுவியதும் நேர மண்டலத்தை மாற்றிவிடுங்கள், இயல்பாக அது நியூயார்க்கில் இருக்கும். "நாளை" என்பதே தப்பாகிவிடும். என்க்ரிப்ஷன் சாவியை எடுத்துத் தனியாக வையுங்கள். அது தொலைந்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் எதையும் திறக்க முடியாது. சாட்பாட் தளத்தில் சோதனைக்கான டெஸ்ட் யூஆர்எல்லை எடுத்துவிட்டு நிஜப் பயன்பாட்டுக்கான புரொடக்ஷன் யூஆர்எல்லை ஒட்டினீர்களா என்று இன்னொரு தடவை பாருங்கள்.