முகம்மா – குமரகம் அரசுப் படகு: நாலு நாளில் பல தடவை போனோம்

பொங்கல் லீவுக்கு வேம்பநாட்டு ஏரிக்கரையில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், அத்தை, பிள்ளைகள் இருவர். கோவையிலிருந்து ரயிலில் ஆலப்புழை போய் இறங்கினோம். அங்கிருந்து வடக்கே முகம்மாவுக்கு ஆட்டோ. பார்த்த இடங்களைப் பற்றி எழுதக் கொஞ்சம்தான் இருக்கிறது. இக்கரை முகம்மாவுக்கும் அக்கரை குமரகத்துக்கும் இடையே கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டும் படகைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் ஆரம்பித்தால் டிசம்பர் 31 வரை வரிக் கணக்குக்கான ஒரு கடைசித் தேதி முடிந்து அடுத்தது வந்துகொண்டே இருக்கும். அதே பழக்கத்தில் இந்தப் பயணத்துக்கும் மணிவாரியாகப் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் ஹவுஸ்போட். முன்னால் ஒரு படகு, பின்னால் ஒரு படகு, காதுக்குள் ஜெனரேட்டர் சத்தம். உள்கால்வாய்க்குள் கூட்டிப்போவதாகச் சொன்னவர்கள், நேரமாகிவிட்டது என்று பாதியில் திருப்பிவிட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஐந்து பேரில் நாலு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை மட்டும் வெளியே பார்த்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் குமரகம் பறவைகள் சரணாலயம் போகத்தான் அரசுப் படகில் ஏறினோம். ஐந்து பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அக்கரை சேர முக்கால் மணி நேரம். கண்ணாடி கிடையாது, ஏசி கிடையாது. திறந்த ஜன்னல், அதற்குப் பக்கத்திலேயே தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடை வைத்த பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள், கூடவே நாங்கள்.

என் சின்னவனுக்கு அந்த மணிதான் எல்லாம். முன்னால் நின்று சுக்கான் பிடிக்கிறவரை ஸ்ராங்கு என்கிறார்கள். இன்ஜினைப் பார்க்கிற டிரைவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வழி தெரியாது, கரையும் தெரியாது. ஸ்ராங்கு கயிற்றை இழுத்தால் உள்ளே மணி அடிக்கும். அதைக் கேட்டு அவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார். ஒருவர் பார்வையை நம்பி இன்னொருவர் கை வேலை செய்கிறது. சின்னவன் டிரைவர் பக்கத்தில் நின்று, அடுத்த மணி எப்போது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேரம் அவன் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

நடு ஏரியில் படகு நின்றுவிட்டது. ப்ரொபெல்லரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டதாம். பின்னோக்கி ஓட்டினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி ஓட்டினார்கள். நான் மணிக்கட்டைப் பார்த்தபடி இருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர்தான் விளக்கினார்: குட்டநாட்டு வயல்களில் கடலின் உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்க, மார்கழி வாக்கில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். உப்பு பட்டால் கருகிப்போகிற செடி, நல்ல தண்ணீரில் செழித்து வளர்கிறது. அவர் சொல்லி முடிப்பதற்குள் படகு கிளம்பிவிட்டது. சுற்றிலும் ஒருவர்கூட ‘ச்சே’ என்று சொல்லவில்லை. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தது அங்கேதான். சரணாலயத்துக்கு அன்றைக்கு நாங்கள் போகவே இல்லை. அக்கரையில் டீ குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பினோம்.

அதற்குப் பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சும்மாவே போய் வந்தோம். பாதிராமணல் தீவு மெல்ல நெருங்கி மெல்ல விலகும். கக்கா என்கிற சிப்பியை வாருகிறவர்கள் சின்ன வள்ளத்தில் நின்றபடி நீண்ட கழியை ஏரியின் அடிவரை விட்டு இழுப்பார்கள். கரைக்கு வந்த கக்காவைப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் வேகவைத்து, ஓட்டையும் சதையையும் பிரிக்கிறார்கள். ஓடு சுண்ணாம்புக்குப் போகிறது. மூன்றாம் நாள் அத்தை படகுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். அவர் தமிழ், அவர்கள் மலையாளம். நாங்கள் திரும்பி வந்தபோது அவர் முன்னால் ஒரு கிண்ணம் நிறையச் சதை, பக்கத்தில் கரிய ஓடுகளின் குவியல். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. “எட்டு வருஷமா உங்க வீட்டு ஹால்லயே உக்காந்திருக்கேன் கண்ணு, இன்னிக்குத்தான் நாலு பேரோட உக்காந்தேன்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இதே தடத்தில் 2002 ஜூலை 27 அன்று படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போனவர்கள் அதில் பலர். இது தெரிந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூட்டம் நெருக்கியடித்தால் ஏறாதீர்கள். அடுத்த படகு வரும். காலையிலும் மாலையிலும் உட்கார்ந்தால் ஊர்க்காரர்களுக்கு இடம் கொடுங்கள். அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்புக்கான வண்டி.

சாப்பாட்டுக்கு, வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் கிடைத்தால் விடாதீர்கள். முள் அதிகம், பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க நேரம் பிடிக்கும். நான் இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்தேன், என் தட்டு ஆறிப்போனது, அப்படியே சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

எங்களுக்கு டிக்கெட்டைப் படகுக்குள்ளேயே கொடுத்தார்கள். சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே படகுத்துறையில் கேட்டுவிடுங்கள். அதற்குமேல் மணி பார்க்க வேண்டியிருக்காது.