18 அங்குல லாங் ஆர்ம் மெஷின், 10 அடி ஃபிரேம்: குடும்பத்தோடு வீட்டுத் தொழிலுக்குச் சரிப்படுமா?

குவில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஒன்றாகத் தைக்கும் போர்வை) தைக்கும் லாங் ஆர்ம் மெஷினை விற்பவர்கள் முதலில் கழுத்தின் நீளத்தையும் (ஊசிக்கும் மெஷினின் உடலுக்கும் இடையிலான இடம்) வேகத்தையும்தான் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. பாதித் தையலில் எழுந்து போய் அரை மணி கழித்து வந்து தொடர்ந்தால், விட்ட இடம் துணியில் தெரியுமா? வீட்டுத் தொழிலில் ஒரு குவில்ட்டை ஒரே மூச்சில் முடிப்பது அபூர்வம். கையால் நகர்த்தும் 18 அங்குல மெஷின், தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ஸ்டிச் ரெகுலேட்டர், துணியை உருளைகளில் விரித்துப் பிடிக்கும் 10 அடி ஃபிரேம் என்ற கூட்டணியை இந்தக் கண்ணோடு பார்த்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் சில விஷயங்களைக் கடையிலேயே சோதித்துவிட வேண்டும்.

நிறுத்துவதில் இருந்து தொடங்குவோம். வளைவின் நடுவில் நிறுத்தினால், மீண்டும் கிளப்பும்போது கை சற்றே இழுபட்டு அங்கே ஒரு சிறு கோணல் விழும். இலையின் நுனி, கோடுகள் குறுக்கிடும் இடம், ஓரம் என எங்கே திசை மாறுகிறதோ அங்கே நிறுத்தினால் எதுவும் தெரியாது. அறையை விட்டுப் போவதானால் ஊசியைத் துணிக்குள் விடக் கூடாது. யாராவது கைப்பிடியில் இடித்தால் ஊசி வளையும், துணியும் கிழியும். மூன்று நான்கு பொடித் தையல் போட்டு, ஊசியை மேலேற்றி, நூலை வெட்டிவிட்டுப் போவதே நல்லது. திரும்பி வந்ததும் கடைசித் தையலின் துளையிலேயே ஊசியை இறக்கி, ஒற்றைத் தையல் பொத்தானை அழுத்தி, பாபின் (அடிநூல் சுற்றிய சிறு உருளை) நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு மீண்டும் பொடித் தையலோடு கிளம்ப வேண்டும். பின்பக்கம் நின்று பேண்டோகிராஃப் தாளை (டிசைன் கோடுகள் அச்சிட்ட தாள்) பார்த்துத் தைப்பவர்கள், ஊசி பழைய துளையில் இருக்கும்போது மெஷினின் லேசர் புள்ளி தாளில் உள்ள கோட்டின் மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தாள் அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் அடுத்த வரிசை முழுக்கத் தப்பும்.

அடிக்கடி நின்று கிளம்பும் மெஷினில் இன்னொரு தொல்லையும் உண்டு. மெஷின் நின்ற பிறகும் பாபின் கொஞ்சம் சுழல்வதால், தளர்ந்த நூல் பாபினை வைக்கும் கேஸுக்குள் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க பாபின் கேஸுக்குள் ஒரு சிறிய ஸ்பிரிங் இருக்கும். அது இல்லாத கேஸையும் வளைந்துபோன கேஸையும் வாங்காதீர்கள். எம் அளவு பாபினில் எல் அளவைவிட நூல் அதிகம் கொள்வதால் மாற்றும் வேலை குறையும். ஆனால் கனம் கூடிய பாபின் என்பதால் இந்த ஸ்பிரிங் சரியாக இருப்பது இன்னும் முக்கியம்.

ஸ்டிச் ரெகுலேட்டர் இல்லாமல் தொழிலில் இறங்க வேண்டாம். நீங்கள் வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் என்று அது காப்பாற்றும். இதற்கு, மெஷின் நகரும் தூரத்தை அளக்கும் என்கோடர் சக்கரங்கள் தண்டவாளத்தோடு ஒட்டி உருள வேண்டும். இடவலமாகத் தைக்கும்போது மட்டும் தையல் நீளமாகிறது, முன்பின்னாக நன்றாக இருக்கிறது என்றால், அந்தத் திசைக்கான என்கோடர் தூக்கிக்கொண்டிருக்கிறது அல்லது அதன் கேபிள் தளர்ந்திருக்கிறது. பலர் இதை டென்ஷன் (நூலின் இறுக்கம்) கோளாறு என்று எண்ணி மணிக்கணக்கில் திருகைத் திருகுவார்கள்.

இதே ரெகுலேட்டர்தான் குழந்தைகளுக்கு ஆபத்தும். அது இயங்கும் நிலையில் இருக்கும்போது யார் கைப்பிடியைத் தள்ளினாலும் ஊசி ஓடத் தொடங்கும். எட்டிப் பிடிக்கும் உயரத்தில் பிள்ளை இருந்தால், இரண்டே நிமிடம் விலகினாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தூங்கும் குழந்தையின் அறைக்கு அடுத்த சுவரை ஒட்டி ஃபிரேமைப் போடாதீர்கள். மெஷினின் அதிர்வு தரை வழியாகவும் போகும்.

18 அங்குலம் என்றால் 18 அங்குலமும் தைக்கலாம் என்று அர்த்தமில்லை. தைத்து முடித்த பகுதி சுருண்டு ஏறும் உருளை கழுத்துக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் சுமார் 14 அங்குலம் கிடைக்கும். பஞ்சு தடிப்பாக இருந்தால் பெரிய குவில்ட்டின் கடைசியில் 10, 11 அங்குலம்தான். அதனால் 10 அங்குலத்துக்குள் அடங்கும் டிசைன்களை வைத்துக்கொள்வது நிம்மதி. 10 அடி ஃபிரேமில் குயின் அளவு வசதியாக நடக்கும். கிங் அளவுக்கு ஓரத்தில் மெஷினின் தலை நிற்க இடம் போதாது, அதற்கு 12 அடி வேண்டும். பின்பக்கம் நின்று வேலை செய்ய குறைந்தது 2 அடி நடைபாதை விடுங்கள். ஃபிரேமைப் பூட்டியதும், தொடாமலே மெஷின் ஒரு பக்கமாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கால்களின் மட்டம் சரியில்லை. நேர்க்கோடு எல்லாமே உங்கள் கையோடு மல்லுக்கு நிற்கும்.

டென்ஷனை எப்போதும் பாபினில் இருந்து தொடங்க வேண்டும். பாபினோடு கேஸை உள்ளங்கையில் வைத்து நூலைத் தூக்கினால், கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையை விட்டு மேலே போகக் கூடாது. அது சரியான பிறகு மேல் டென்ஷனை மட்டும் மாற்றுங்கள். அடித்துணியில் வளைவுகளில் மட்டும் கண் இமை போல நூல் வளையங்கள் தெரிந்தால், மேல்நூல் தளர்வு அல்லது வளைவில் கை வேகம் அதிகம். மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம். சோதிக்கும்போது நேர்க்கோடு மட்டும் போதாது, ஓரத்தில் எஞ்சிய அதே துணி, அதே பஞ்சின் மேல் வட்டங்கள் போட்டு, கீழே குனிந்து பார்க்க வேண்டும். 134 எம்.ஆர். வகையில் 4.0 அளவு ஊசி பெரும்பாலான வேலைக்குப் போதும். நெருக்கமாக நெய்த துணிக்கு 3.5. ஒவ்வொரு பெரிய குவில்ட்டுக்கும் புது ஊசி போடுங்கள், ஊசியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

துணியை முரசு போல இழுத்துக் கட்டாதீர்கள். கீழிருந்து விரலால் தள்ளினால், மேலிருந்து அந்த விரல் நுனியைப் பிடிக்க வர வேண்டும். அடித்துணியும் பஞ்சும் நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். 90க்கு 100 குவில்ட் என்றால் 98க்கு 108. அடித்துணியில் இணைப்புத் தையல் இருந்தால் அதை உருளைக்கு இணையாக வைக்கவும். குறுக்காக வைத்தால் ஒரே இடத்தில் தடிப்பு ஏறி நடுவில் துணி தொய்யும். இரவு வேலையை விடும்போது உருளையைப் பூட்டும் ராட்செட்டை ஒரு பல் தளர்த்தி, மேலே ஒரு பழைய போர்வையை மூடிவிட்டுப் போங்கள். காலையில் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைக்காமல் தொடங்க வேண்டாம். ஒரு நூல் துணுக்கு சக்கரத்துக்கு அடியில் போனாலும் கோட்டில் ஒரு நடுக்கம் தெரியும்.

கூலியைச் சதுர அங்குலத்துக்குக் கணக்கிடுவதே நியாயம். 60க்கு 80 என்றால் 4800 சதுர அங்குலம், 90க்கு 100 என்றால் 9000. ஃபிரேமில் ஏற்றவே அரை மணியில் இருந்து ஒரு மணி ஆகலாம், அதையும் கூலியில் சேருங்கள். குவில்ட்டை வாங்கி வைக்கும்போதே பார்டரை (ஓரப்பட்டையை) ஓரங்களிலும் நடுவிலும் அளந்து, அலையடித்தால் வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். தைத்த பிறகு விழும் மடிப்புக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மெஷினைக் கணினி வழி நகர்த்தும் ரோபோ பாகம் நிறுத்திய புள்ளியில் இருந்தே தொடரும் என்பதால் இந்த வாழ்க்கைக்கு மிகப் பொருத்தம். ஆனால் விலை அதிகம், நூல் அறுந்தால் பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பின்னால் பொருத்த முடியும் மெஷினாக இப்போதே பார்த்து வாங்கினால் போதும்.

கனமான தலையைச் சர்வீஸுக்குத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. அதனால் கொக்கியின் (அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் பாகம்) டைமிங்கைக் கடைக்காரரிடம் நின்று கற்றுக்கொள்ளுங்கள். ஊசி அடியைத் தொட்டு மேலேறத் தொடங்கியதும், கொக்கியின் நுனி ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியின் பின்புறக் குழிவை ஒட்டிக் கடக்க வேண்டும். ஊசி எதிலாவது மோதினால் இது விலகி, தையல் தாண்டும். ஸ்கேலை ஒட்டித் தைப்பதானால் கால் அங்குலத் தடிப்புள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள், மெல்லியது தையல் காலுக்கு அடியில் புகுந்து ஊசியில் சிக்கும். கூலி வேலைக்குப் பயன்படுத்தினாலும் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.