எஸ்எம்பிஎஸ் புகைந்த பிறகு: டெஸ்டரா, மல்டிமீட்டரா, இரவல் எஸ்எம்பிஎஸ்ஸா?

போன மாதம் கரண்ட் போய்த் திரும்பி வந்த நொடியில் என் கம்ப்யூட்டருக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் மூக்கை வைத்தால் கருகல் நாற்றம். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. துணைக்கு வேறு எதைக் கூட்டிக்கொண்டு போனதோ என்பதுதான் கவலை. அதைக் கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு.

கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் சுலபம். 24 பின் கனெக்டரைச் செருகினால் வோல்ட் எண்கள் வந்துவிடும். ஆனால் அது எஸ்எம்பிஎஸ்ஸை மட்டுமே பார்க்கும், மதர்போர்டைப் பற்றி வாய் திறக்காது. புகைந்துபோனதற்கு அது எதற்கு?

மல்டிமீட்டர் அப்படியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸையும் அளக்கலாம்: மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருந்தால் சரி. அதைவிட முக்கியம், பாகங்களில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லா வயரையும் கழற்றிவிட்டு, பீப் அடிக்கும் நிலையில் வைத்து, பிராசசருக்கு மின்சாரம் போகும் 8 பின் சாக்கெட்டில் 12 வோல்ட் பின்னையும் கிரவுண்டையும் தொட்டேன். குட்டியாக ஒரு பீப், உடனே அடங்கிவிட்டது. அது கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் சத்தம், பயமில்லை. விடாமல் கத்தினால்தான் ஷார்ட். கிராபிக்ஸ் கார்டின் பவர் சாக்கெட்டிலும் இப்படியே பார்த்தேன். ஆனால் ரேம் செத்திருந்தால் மீட்டருக்குத் தெரியாது.

அதற்கு வேண்டியது மூன்றாவது வழி, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ். என் ஓட்டு இதற்குத்தான், மீட்டர் பார்த்த பிறகு. நண்பனிடம் இரவல் வாங்கினேன். வயர்களையும் அவனுடையதையே வாங்கிக்கொண்டேன். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் வயர் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். பழைய வயரைப் புதியதில் செருகினால் நல்ல டிஸ்க்கும் எரிந்துவிடலாம். முதலில் போர்டு, பிராசசர், ஒற்றை ரேம், போர்டிலேயே உள்ள டிஸ்பிளே. படம் வந்தது. அப்புறம் இன்னொரு ரேம், கிராபிக்ஸ் கார்டு. கடைசியில் ஹார்ட் டிஸ்க்.

டிஸ்க்கை மாட்டியதும் ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. ஷார்ட்டைக் கண்டு இரவல் எஸ்எம்பிஎஸ் தானே அணைந்துகொண்டது. டிஸ்க்கின் பச்சைப் பலகையில் 12 வோல்ட் பாதையைக் காக்கும் டயோடு ஷார்ட்டாகித் தன்னைப் பலி கொடுத்திருந்தது. தெரிந்த டெக்னீஷியன் அதை எடுத்துவிட்டதும் டிஸ்க் சுழன்றது, போட்டோக்களை அன்றைக்கே வேறு டிஸ்க்கில் ஏற்றினேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.